எர்னஸ்ட் எவன்ஸ்: யமடோவை நோக்கிச் சின்னக் கப்பலைத் திருப்பிய கேப்டன் - யார் இவர்?

1942 பிப்ரவரி 27. இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில் தரையிறங்க ஜப்பான் படைகள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. தடுக்கப் போனது டச்சு, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்கக் கப்பல்கள் அவசர அவசரமாகச் சேர்ந்த ஒரு கூட்டணி. அன்று மாலை தொடங்கி இரவு வரை நடந்த ஜாவா கடல் போரில் அந்தக் கூட்டணி நொறுங்கிப் போனது. தலைமை தாங்கிய டச்சு அட்மிரல் டோர்மனும் கப்பலோடு மூழ்கினார்.

அந்தப் போரில் ஆல்டன் என்ற பழைய அமெரிக்கக் கப்பலும் இருந்தது. அது எதிரியை நோக்கி டார்பிடோக்களை ஏவியது. ஒன்றுகூட அடிக்கவில்லை. எரிபொருளும் தீர்ந்துகொண்டிருந்ததால் சுரபாயா துறைமுகத்துக்குத் திரும்பி, மறுநாள் இரவில் ஆஸ்திரேலியா பக்கம் தப்பிப் போனது. கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரிக்கு அப்போது வயது 33. பெயர் எர்னஸ்ட் எட்வின் எவன்ஸ்.

உத்தரவுப்படிதான் பின்வாங்கினார்கள், தப்பு எதுவும் இல்லை. ஆனா எவன்ஸுக்கு அது ஆறாத காயமாகவே இருந்தது. இனி ஜப்பான் கடற்படைக்கு முதுகு காட்டுவதில்லை என்று அவர் முடிவெடுத்தது அங்கேதான்.

கடலே இல்லாத ஊரில் பிறந்தவர்

எவன்ஸ் பிறந்தது 1908 ஆகஸ்ட் 13 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள பாவ்னீ என்ற ஊரில். சுற்றிலும் நிலம்தான், கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. செரோக்கி, கிரீக் என்ற அமெரிக்கப் பழங்குடிகளின் ரத்தம் அவருடையது. 1926இல் சாதாரணச் சிப்பாயாகக் கடற்படையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தேர்வெழுதி அதிகாரிகளுக்கான அனாபோலிஸ் அகாடமிக்குள் நுழைந்து, 1931இல் பட்டம் வாங்கினார். கூடப் படித்தவர்கள் அவரைச் சீஃப் என்று கூப்பிட்டார்கள். பழங்குடித் தலைவர் என்ற அர்த்தத்தில் வைத்த பட்டப்பெயர். அதில் பாசம் எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அந்தப் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

ஜாவா போருக்குச் சில வாரங்களில் ஆல்டன் கப்பலுக்கே கேப்டன் ஆனார். அடுத்து கிடைத்தது புத்தம் புதுக் கப்பல்: யுஎஸ்எஸ் ஜான்ஸ்டன். 1943 அக்டோபர் 27 அன்று சியாட்டில் நகரில் அதைக் கடற்படையில் சேர்த்த விழாவில், எவன்ஸ் தன் ஆட்களிடம் சுருக்கமாகப் பேசினார். இந்தக் கப்பல் ஆபத்து இருக்கும் இடத்துக்குத்தான் போகும், வர இஷ்டமில்லாதவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம் என்பதுதான் சாரம். ஜாவாவில் நடந்ததையும், இனி பின்வாங்கப் போவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். யாரும் இறங்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கடலையே பார்த்திராத பையன்கள்.

டெஸ்ட்ராயர் என்ன வேலை செய்யும்?

ஜான்ஸ்டன் ஒரு டெஸ்ட்ராயர், அதாவது நாசகாரிக் கப்பல். பெயர்தான் பயங்கரம். போர்க்கப்பல் வரிசையில் இது சின்னது, சுமார் 115 மீட்டர் நீளம். 5 அங்குல பீரங்கிகள் ஐந்து, டார்பிடோக்கள் பத்து, நீர்மூழ்கிகளைத் தாக்க நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள். வேகம்தான் இதன் கவசம். இரும்புத்தகடு மெல்லிசு என்பதால் அமெரிக்க மாலுமிகள் இந்த வகைக் கப்பலைத் தகர டப்பா என்றே கூப்பிட்டார்கள்.

பசிபிக்கில் ஒரு தீவைப் பிடிப்பது என்றால், முதலில் கரையில் இருக்கும் பதுங்குகுழிகளையும் பீரங்கிகளையும் உடைக்க வேண்டும். பெரிய கப்பல்கள் தூரத்தில் நின்று சுடும். டெஸ்ட்ராயர் கரைக்கு நெருங்கிப் போய், கண்ணுக்குத் தெரிகிற குறியை நேராகவே அடிக்கும். வீரர்கள் இறங்கிய பிறகு வேலை இன்னும் கூடும். அவர்களோடு கரையில் இருக்கும் ஒரு சின்னக் குழு, வரைபடத்தில் கட்டம் பார்த்து ரேடியோவில் இடத்தைச் சொல்லும். கப்பல் ஒரு குண்டு போடும். கொஞ்சம் இடது, கொஞ்சம் தூரம் என்று கரையிலிருந்து திருத்தம் வரும். சரியாக விழுந்ததும் சரமாரியாகச் சுடுவார்கள். ராத்திரி ஆனால் வெளிச்சக் குண்டு. இருட்டில் எதிரி ஊர்ந்து வராமல் இருக்க, வானத்தில் அது மெதுவாக எரிந்துகொண்டே இறங்கும்.

ஒரு குண்டு சுமார் 25 கிலோ. பீரங்கிக் கூண்டுக்குள் அதைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். பிறகு வெடிமருந்துக் குப்பி. நிமிடத்துக்குப் பதினைந்து முறைக்கு மேல் இதே வேலை, அதுவும் பூமத்திய ரேகைப் பக்கத்து வெயிலில், மூடிய இரும்புப் பெட்டிக்குள். 1944 ஜூலை 21 அன்று குவாம் தீவில் தொடங்கிய சண்டையில், ஜூலை 29க்குள் ஜான்ஸ்டன் மட்டும் 4,000க்கும் அதிகமான குண்டுகளைச் சுட்டது. கரையில் இருந்த 4 அங்குல பீரங்கித் தளம் ஒன்றும் பல பதுங்குகுழிகளும் காலி.

அதற்கு முன்பே குவாஜலீன், எனிவெடாக் தீவுகளின் தரையிறக்கங்களிலும் இதே வேலைதான். மே மாதம் வேறு இரு கப்பல்களோடு சேர்ந்து ஜப்பானின் ஐ-176 நீர்மூழ்கியை மூழ்கடித்ததற்காக எவன்ஸுக்குப் பதக்கமும் கிடைத்தது. மற்ற நாள் எல்லாம் காவல் சுற்று: பெரிய கப்பல்களைச் சுற்றி ஓடுவது, நீருக்கடியில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பது, ஓடும்போதே எண்ணெய் நிரப்புவது. விடியலிலும் அந்தியிலும் போர் மணி அடித்து எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடுவது வழக்கம். எவன்ஸின் கப்பலில் அந்த மணி அடிக்கடி அடித்ததால், மாலுமிகள் கப்பலுக்கே ஜிக்யூ ஜானி என்று பெயர் வைத்துவிட்டார்கள். போர் நிலைக்கு ஓடும் உத்தரவின் சுருக்கம்தான் ஜிக்யூ.

சலிப்பான வேலைதான். ஆனா அக்டோபர் 25 அன்று யோசிக்க நேரமில்லாதபோது, கைகள் தானாக வேலை செய்தது இந்த மாதங்களின் பழக்கத்தால்தான்.

1944 அக்டோபர் 25: சமர் தீவு அருகே என்ன நடந்தது?

அக்டோபர் 20 அன்று பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் அமெரிக்கப் படை இறங்கியது. அதற்கு வான்பாதுகாப்பு கொடுக்கும் சின்ன விமானம் தாங்கிக் கப்பல்கள் வடக்கே சமர் தீவு ஓரம் நின்றன. டாஃபி 3 என்ற அந்தக் குழுவில் ஆறு சின்ன விமானம் தாங்கிகள், ஜான்ஸ்டன் உட்பட மூன்று டெஸ்ட்ராயர்கள், இன்னும் சிறிய காவல் கப்பல்கள் நான்கு. அட்மிரல் ஹால்ஸியின் பெரிய படை வடக்கில் காவல் இருக்கிறது என்றே இவர்கள் நம்பியிருந்தார்கள். ஜப்பான் காட்டிய தூண்டிலை நம்பி ஹால்ஸி அதைத் துரத்திப் போயிருந்தார். வாசல் திறந்து கிடந்தது.

காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு அந்த வாசல் வழியாக வந்தது அட்மிரல் குரிடாவின் படை. நான்கு பெரும் போர்க்கப்பல்கள், எட்டு குரூஸர்கள், 11 டெஸ்ட்ராயர்கள். அதில் ஒன்று யமடோ, உலகிலேயே பெரிய போர்க்கப்பல். அதன் ஒரே ஒரு பீரங்கிக் கோபுரத்தின் எடை ஏறக்குறைய ஒரு டெஸ்ட்ராயரின் எடை. இந்தப் படை டாஃபி 3ஐத் தாண்டிவிட்டால் அடுத்து லெய்டே வளைகுடா. அங்கே தரையிறங்கிய வீரர்களும் சரக்குக் கப்பல்களும்தான்.

எவன்ஸ் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. புகைத்திரை போடச் சொன்னார், கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார், முழு வேகம். அவருடைய பீரங்கிகள் எட்டும் தூரத்துக்குப் போகும்வரை பல நிமிடங்கள் அடி வாங்கும் அபாயத்தோடு சும்மா ஓட வேண்டியிருந்தது. சுற்றிலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வண்ண வண்ணமாகத் தண்ணீர் எழுந்தது. எந்தக் குண்டு யாருடையது என்று தெரிய ஜப்பான் கப்பல்கள் கலந்த சாயம் அது. நெருங்கியதும் ஐந்து நிமிடத்தில் 200க்கும் மேற்பட்ட குண்டுகள். சுமார் 9 கிலோமீட்டரில் பத்து டார்பிடோக்களையும் ஏவினார். குமானோ என்ற குரூஸரின் முன்பகுதி பிய்ந்தது. அது சண்டையை விட்டே விலகியது.

ஏழரை மணி வாக்கில் ஜான்ஸ்டன் மீது பெரிய குண்டுகள் மூன்று, உடனே சின்னவை மூன்று. பாதி இயந்திரம் போச்சு. எவன்ஸின் சட்டை கிழிந்து பறந்தது, இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அப்போது வந்த ஒரு மழை பத்து நிமிடம் மறைப்புக் கொடுத்தது. டார்பிடோ தீர்ந்து, வேகமும் பாதியான நிலையில் அவர் ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மற்ற கப்பல்கள் டார்பிடோ தாக்குதலுக்குப் போவதைப் பார்த்ததும், பீரங்கித் துணை கொடுக்கப் பின்னாலேயே திரும்பினார்.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பெரும் போர்க்கப்பலோடு சண்டை, கேம்பியர் பே என்ற விமானம் தாங்கியை அடித்துக்கொண்டிருந்த குரூஸரோடு சண்டை. கடைசியாக, விமானம் தாங்கிகளை நோக்கி வந்த ஜப்பான் டெஸ்ட்ராயர்களின் குறுக்கே போய் நின்றார். அவை தூரத்திலேயே டார்பிடோக்களை வீசிவிட்டு விலகின, எதுவும் அடிக்கவில்லை. அதற்குள் கப்பலை மேலிருந்து ஓட்ட முடியவில்லை. எவன்ஸ் பின்பகுதிக்குப் போய், திறந்த மூடி வழியாகக் கீழே கத்திக் கத்தி உத்தரவு கொடுத்தார். கீழே மாலுமிகள் கையாலேயே சுக்கானைத் திருப்பினார்கள்.

9.45க்குக் கப்பலை விட்டு இறங்கச் சொன்னார். 10.10க்கு ஜான்ஸ்டன் மூழ்கியது. அது மூழ்கும்போது அருகே கடந்த ஜப்பான் கப்பலில் ஓர் அதிகாரி நின்று சல்யூட் அடித்ததைத் தண்ணீரில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

குரிடா படையைத் திருப்பிக்கொண்டார். எதிரே இருப்பது பெரிய படை என்று அவர் தப்புக் கணக்குப் போட்டதற்கு, தகர டப்பாக்களின் வெறியும் விமானங்களின் விடாத தாக்குதலும்தான் காரணம். லெய்டே தப்பியது.

தண்ணீரில் சுமார் 50 மணி நேரம்

ஜான்ஸ்டனில் இருந்தவர்கள் 327 பேர். பிழைத்தவர்கள் 141. இந்தக் கதையில் கவனிக்காமல் விடக்கூடாத கணக்கு வேறு ஒன்று: எதிரியின் அடியில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 50 பேர்தான். 45 பேர் மிதவைகளில் காயத்தால் இறந்தார்கள். 92 பேர் உயிரோடு தண்ணீரில் இறங்கியவர்கள், பிறகு காணவே இல்லை. அந்த 92இல் ஒருவர் எவன்ஸ்.

அவர்களை மீட்க ஆள் வர இரண்டு நாட்களுக்கு மேல் ஆனது. தப்பியவர்கள் இருக்கும் இடம் தவறாகத் தெரிவிக்கப்பட்டதால், தேடிய கப்பல்கள் வேறு பக்கம் அலைந்தன. சுறாக்கள், உப்புத் தண்ணீர், தாகம். அவர்கள் காப்பாற்றிய படையே பக்கத்தில் இருந்தும் இந்த நிலை. கப்பலை நேராகச் சாவுக்குக் கொண்டுபோனார் என்று எவன்ஸைக் குற்றம் சொன்னவர்கள், பிழைத்த மாலுமிகளில் இல்லை என்றே சொல்லலாம். அவர்களின் கோபம் தாமதமாக வந்த மீட்பு மேல்தான்.

எவன்ஸுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் அவர் இறந்த பிறகு கிடைத்தது. கடற்படையில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கப் பழங்குடியினர் அவர். 2023இல் புதிய டெஸ்ட்ராயர் ஒன்றுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது.

ஜான்ஸ்டனின் சிதைவுகள் 2019இல் பிலிப்பைன்ஸ் ஆழ்கடலில் கண்டுபிடிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் விக்டர் வெஸ்கோவோ நீர்மூழ்கிக் கலத்தில் 6,456 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியபோது, கப்பலின் முன்பக்கத்தில் 557 என்ற எண் அழியாமல் தெரிந்தது. அப்போது உலகில் கண்டறியப்பட்ட மிக ஆழமான கப்பல் சிதைவு அதுதான். அடுத்த ஆண்டு அந்தச் சாதனையை 6,895 மீட்டரில் கிடந்த சாமுவேல் பி. ராபர்ட்ஸ் முறியடித்தது. அதே காலையில் ஜான்ஸ்டனைப் போலவே எதிரியை நோக்கித் திரும்பிய, அதைவிடச் சின்னக் கப்பல்.