நிலநூற் பேரறிஞர் ஹம்போல்ட்

ஒரு செடியைக் கண்டால் அதன் பெயரை வினவுவார் பலர். அஃது ஏன் அவ்விடத்தில் வளர்கின்றது, சிறிது மேலே ஏன் வளர்வதில்லை என வினவுவார் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்ஸாந்தர் ஃபான் ஹம்போல்ட். மண்ணும் மலையும், நீரும் காற்றும், மரமும் மனிதர் தொழிலும் ஒன்றையொன்று சார்ந்து நிற்குமாற்றை ஆராயும் நிலத்தோற்றச் சூழலியலுக்கு முன்னோடியாய் விளங்கிய அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தார். பிரஷ்யப் படையில் அதிகாரியாயிருந்த தந்தையாரை ஒன்பது வயதிலேயே இழந்தார். தமையனார் வில்ஹெல்ம் பின்னாளில் மொழிநூற் புலமையாற் புகழெய்தியவர். இளையவர் அரசாங்க உத்தியோகம் பெறவேண்டுமென்பதே அன்னையாரின் விருப்பம். அவருடைய நெஞ்சமோ தொலைதூர நாடுகளையே நாடிற்று. கெட்டிங்கன் பல்கலைக் கழகத்திற் பயின்ற காலத்தில், கப்பித்தான் குக்குடன் உலகைச் சுற்றிவந்த கியார்க் ஃபார்ஸ்டரின் நட்பு வாய்த்தது. 1790-ஆம் ஆண்டில் அவருடன் ரைன் நதி வழியே சென்று இங்கிலாந்து ஈறாகப் பல இடங்களைக் கண்டுவந்தார்.

1791-ஆம் ஆண்டில் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியிற் சேர்ந்தார். காலையிற் சுரங்கத்தினுள் இறங்கி ஆராய்தலும், பிற்பகலில் வகுப்பில் அமர்ந்து பாடங் கேட்டலும் அங்கு அவருடைய வழக்கம். கண்டதும் கற்றதும் ஒரே நாளில் ஒன்றோடொன்று பொருந்தின. பின்னர்ச் சுரங்க அதிகாரியாய்ப் பணியாற்றுங்கால், தொழிலாளர் கல்வி பெறுதற்பொருட்டுத் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஓர் இலவசப் பள்ளியையும் நிறுவினார்.

1796-ஆம் ஆண்டில் அன்னையார் காலமானார். தமக்குக் கிடைத்த செல்வத்தைச் சுகவாழ்விற்கு ஆக்காது பயணத்திற்கே ஆக்கத் துணிந்த ஹம்போல்ட் உத்தியோகத்தை விடுத்தார். 1799-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், எமே போன்பிளான் என்னும் பிரெஞ்சுத் தாவரநூலாருடன் ஸ்பெயினிலிருந்து கப்பலேறினார். வெப்பமானி, பாரமானி, வானத்தின் நீலத்தை அளக்கும் கருவி முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட கருவிகள் உடன் சென்றன.

1800-ஆம் ஆண்டில் வெனிசுவேலா நாட்டிலுள்ள வலென்சியா ஏரியை அடைந்தார். ஆண்டுதோறும் நீர் குறைந்து கரை பின்வாங்குவதைக் கண்ட அவ்வூர் மக்கள், ஏரியின் அடியில் மறைவான வழி ஒன்று இருக்குமென்று எண்ணினர். ஹம்போல்ட் அக்கருத்தை ஏற்கவுமில்லை, இகழவுமில்லை, அளந்து பார்த்தார். பழைய கரையின் அடையாளங்களைத் தேடினார். ஆவியாகும் நீரைக் கணக்கிட்டார். சூழ்ந்துள்ள குன்றுகளை நோக்கினார். காடுகள் அழிக்கப்பட்டிருந்தன, ஏரிக்கு வரும் ஓடைகள் அவுரி முதலிய பயிர்களுக்குத் திருப்பப்பட்டிருந்தன. குன்றில் வீழ்ந்த மரத்திற்கும் ஏரியிற் குறைந்த நீருக்கும் உள்ள தொடர்பு அவருக்கு விளங்கிற்று. காடழிவின் கேட்டினை அளவைகளைக்கொண்டு நிறுவ முயன்ற முதல் முயற்சிகளுள் இஃதொன்று.

1802-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், உலகிலேயே உயர்ந்ததென அக்காலத்தார் கருதிய சிம்பொராசோ மலையில், போன்பிளானுடனும் கார்லோஸ் மோந்தூஃபர் என்னும் இளைஞருடனும் ஏறினார். மூச்சுத் திணறிற்று, ஈறுகளிற் குருதி கசிந்தது. ஏறத்தாழ 5,900 மீட்டர் எனத் தாம் கணக்கிட்ட உயரத்தில் ஒரு பெரும்பிளவு குறுக்கிட, உச்சியை எட்டாமலே திரும்பினார். 1804-ஆம் ஆண்டில் ஐரோப்பா மீண்டபின், தாவரங்களின் நிலவியல் பற்றிய நூலை 1807-இல் வெளியிட்டார். அதிலுள்ள பெரும் படத்தில் சிம்பொராசோ மலை குறுக்காக அறுத்தாற்போல் வரையப்பட்டு, ஒவ்வொரு செடியின் பெயரும் அது வளரும் உயரத்தில் எழுதப்பட்டது. இருபுறமும் வெப்பம், காற்றழுத்தம், பயிர்வகை முதலியன நிரல்பட அமைந்தன. 1817-ஆம் ஆண்டில், ஒத்த வெப்பமுள்ள இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளை வகுத்தார். இமயமலையையும் ஆராய்ந்து ஒப்பிட விழைந்தார். ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அனுமதி கிட்டவேயில்லை. பயணத்திலும் நூல் வெளியீட்டிலும் தம் செல்வமெல்லாம் செலவிட்ட அவர், 1859-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், 89-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவருடைய வரலாறு அத்துடன் முடிந்ததன்று. புவி வெப்பமடைவதாற் செடிகள் மலைமேல் ஏறுகின்றனவா என அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர் சிலர், 2012-ஆம் ஆண்டில் அப்படத்தைக் கையிற்கொண்டு சிம்பொராசோ சென்றனர். செடிகளின் எல்லை 500 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ளதென 2015-இல் வெளியிட்டனர். 2019-இல் வேறு அறிஞர்கள், ஹம்போல்ட்டின் நூல்களையும் உலர்த்திக் காக்கப்பட்ட செடிகளையும் படத்தோடு ஒத்துப் பார்த்தனர். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. மர எல்லைக்கு மேலுள்ள செடிகளிற் பெரும்பாலானவை சிம்பொராசோவில் எடுத்தவை அல்ல. அவர் அதற்குமுன் ஏறிய அந்திசானா மலையில் எடுத்தவை! பல இடங்களிற் கண்டதை ஒரே மலையில் அவர் தொகுத்துக் காட்டியிருந்தார். அந்திசானாவில் மீண்டும் அளந்தபோது, உயர்வு 215 முதல் 266 மீட்டர் வரையே எனக் கண்டனர்.

செடிகள் மேலேறியது மெய்யே. எவ்வளவு ஏறின என்பதிலேதான் பிழை நேர்ந்தது. அழகிய படம் பிறரை மயக்கிற்று. மயக்கத்தைத் தீர்த்தவை அவரும் தோழரும் சேர்த்து வைத்த செடிகளும் எழுதி வைத்த செய்திகளுமே. அவை இல்லாதிருப்பின் அப்பிழை என்றும் வெளிப்பட்டிராது.

1939-ஆம் ஆண்டில் கார்ல் ட்ரோல் என்னும் ஜெர்மானிய நிலநூலார், விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராய்ந்து, நிலத்தோற்றச் சூழலியல் எனும் பெயரை இத்துறைக்குச் சூட்டினார். இன்று செயற்கைக்கோள்கள் படந்தருகின்றன. கணிப்பொறிகள் எண்களைப் பகுத்தாய்கின்றன. எனினும், அவ்வெண் எவ்விடத்தில், எந்நாளில், எவ்வுயரத்தில் எடுக்கப்பட்டதென்பதைக் களத்தில் நிற்கும் மாணவன் அன்றோ எழுதவேண்டும்?

மாணவ நண்பர்காள்! நாம் குன்றுக்கோ குளக்கரைக்கோ களஆய்வு செல்லுங்கால், மாலையில் அறைக்குத் திரும்பியபின் எழுதலாமென எண்ணி வெறுந்தாளோடு திரும்புதல் வேண்டா. இலை ஒன்றைப் பறிப்பின், இடமும் நாளும் உயரமும் அங்கேயே குறித்துவைப்போம். நம் கணக்கில் பிழை நேர்தல் கூடும். அதனைப் பின்வருவோர் கண்டு திருத்துதற்கு வழிவைத்துச் செல்லுதலே உண்மைக் கல்வியாம்.