வாதபுரியில் நூறு நாட்கள்

கேரள நாட்டில் நிளா என்னும் பாரதப்புழை ஆற்றின் வடகரையில், திருநாவாய்த் தலத்துக்கு அணித்தே, மேல்பத்தூர் என்னும் நம்பூதிரி இல்லம் இருந்தது. அவ்வில்லத்தில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியவர் நாராயண பட்டதிரி. தந்தையார் மாத்ருதத்தர் மீமாம்சையில் வல்லுநர். தருக்கத்தைத் தமையனார் தாமோதரரிடமும், வியாகரணத்தைத் திருக்கண்டியூர் அச்சுத பிஷாரடியிடமும் பட்டதிரி பயின்றார். வானநூலிலும் இலக்கணத்திலும் ஒப்பாரின்றி விளங்கிய அச்சுதர் மாணவனின் கூரிய அறிவைக் கண்டு மகிழ்ந்தார். ஆயினும் இளமையில் நியம நிஷ்டைகளைக் கைவிட்டுச் சோம்பித் திரிந்த பட்டதிரியை, ஒருநாள் அந்த ஆசிரியரே கடிந்துரைத்துத் திருத்தினார் என்பது அந்நாட்டார் கூறும் வரலாறு.

பின்னர் அச்சுதரை வாதநோய் பற்றியது. ஆசிரியர் படும் துன்பத்தைக் காணப் பொறாத மாணவர், அந்நோயைத் தாமே வேண்டி ஏற்றுக்கொண்டார் என்பர். குருதட்சிணையாகப் பொன்னும் ஆடையும் அளித்தவர் பலருண்டு. குருவின் நோயையே தட்சிணைக்கு ஈடாக வாங்கிக்கொண்டவர் அரியர். அதன் பயனாக, இருபத்தேழு வயதளவில் கைகால் முடங்கி, பிறர் தூக்கிச் செல்லும் நிலையில் அவர் குருவாயூரை அடைந்தார்.

குருவும் வாயுவும் பிரதிஷ்டை செய்த தலமாதலின் குருவாயூர். வாயுவின் ஊராதலின் வாதபுரி எனவும் பெயருண்டு. வாதநோயாளர் வாதபுரி நாதனை நாடியது பொருத்தமே. எதனை முதலாகக் கொண்டு பாடுவது என்று பட்டதிரி கேட்டனுப்ப, மீனைத் தொட்டுத் தொடங்கும்படி துஞ்சத்து எழுத்தச்சன் விடை அனுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. கேட்டவர்கள் முகம் சுளித்தனராம். மச்சாவதாரம் முதலாக அவதாரங்களைப் பாடுக என்பதே அதன் கருத்தென்று பட்டதிரி உணர்ந்தார்.

உடல் அசையாது, நா மட்டும் அசையும். அந்த நாவினையே மருந்தாக்க முற்பட்டார். நாளொன்றுக்கு ஒரு தசகமாக, பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களை ஆயிரத்துச் சொச்சத்தில் சுருக்கிப் பாடினார். அந்நூலே ஸ்ரீமந் நாராயணீயம். ஈசன் லீலையைச் சொல்லிச் செல்லும் தசகங்கள், முடிவில் தம் நோயைத் தீர்க்கும்படி குருவாயூரப்பனை இரக்கும். எட்டாம் தசகத்தின் இறுதிச் சுலோகத்தைப் பிணியுற்றோர் இன்றும் மருந்தாக ஓதுகின்றனர். பெருமாளின் கதையைச் சொல்லும் பொழுதில் தம் வலியை மறப்பதும், கதை நின்றவுடன் வலி நினைவுக்கு வருவதும், மறுநாள் மீண்டும் சொல்லத் தொடங்குவதுமாக அந்நாட்கள் கழிந்தன.

ஆனால் உடற்பிணியினும் கொடியதொரு பிணி அவரிடம் எஞ்சியிருந்தது. அது கல்விச் செருக்கு.

அந்நாளில் அதே சந்நிதியில் பூந்தானம் நம்பூதிரி என்னும் மற்றோர் அடியவர் இருந்தார். நெடுநாள் மகவின்றி வருந்திப் பெற்ற ஒரே குழந்தையை, சோறூட்டும் மங்கல நாளிலேயே இழந்தவர் அவர். ஆறாத அத்துயரைக் கண்ணனின் திருநாமத்தால் ஆற்றிக்கொண்டு, எளிய மலையாளத்தில் ஞானப்பான பாடினார். உள்ளத்துக் கண்ணனே குழந்தையாக விளையாடுகையில் வேறு மக்கள் எதற்கு என்னும் தெளிவை, அவர் அழுது அழுதே அடைந்தார். தம் பாடலைப் பார்த்துத் திருத்தித் தருமாறு அவர் பணிவுடன் வேண்டியபோது, மொழிப் பாட்டைப் பார்க்கத் தமக்குப் பொழுதில்லை என்று பட்டதிரி புறக்கணித்தார். பூந்தானம் கண்ணீருடன் அகன்றார். அன்றிரவு குருவாயூரப்பன் கனவில் தோன்றி, பட்டதிரியின் வேற்றுமை இலக்கணப் புலமையினும் பூந்தானத்தின் பக்தியே தனக்கு உகந்தது என உணர்த்தினான் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. பொழுது விடிந்ததும் பட்டதிரி பூந்தானத்தைத் தேடி மன்னிப்பு வேண்டி, அப்பாடலைக் கேட்டு இன்புற்றார். பெரும்புலவர் ஒருவர் தம்மினும் கல்வி குறைந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது, வாதநோய் தீர்வதினும் எளிதன்று.

நூறாம் நாள் வந்தது. அன்று பாடிய தசகம் பெருமாளின் கேசம் முதல் பாதம் வரையிலான வருணனை. கண்ணெதிரே கண்டு பாடியது என்றே பெரியோர் கொள்வர். நோயும் நீங்கிற்று. நிறைவுச் சுலோகத்தின் ஈற்றில் ஆயுள், ஆரோக்கியம், சௌக்கியம் மூன்றையும் வேண்டும் ஒரு தொடர் அமைந்துள்ளது. எழுத்துகளுக்கு எண் கொள்ளும் கடபயாதி முறைப்படி அதனைக் கணக்கிட்டால் 1712210 என்னும் எண் கிடைக்கும். கலியுகம் பிறந்து அத்தனையாவது நாளில், அதாவது கொல்லம் 762ஆம் ஆண்டு விருச்சிக மாதம் 28ஆம் நாளில் (1586), நூல் நிறைவெய்தியது. வானநூல் வல்ல ஆசிரியரின் மாணவர் அல்லவா! வாழ்த்தே நாட்குறிப்பாகவும் அமைந்துவிட்டது.

அதன்பின் பட்டதிரி நெடுங்காலம் வாழ்ந்தார். அம்பலப்புழை அரசர் தேவநாராயணரின் வேண்டுகோளுக்கிணங்கப் பிரக்ரியா சர்வஸ்வம் என்னும் இலக்கணப் பெருநூல் இயற்றினார். இலக்கணத்தை அவர் விட்டுவிடவில்லை. தமிழ்நாட்டில் நாராயணீயம் இல்லந்தோறும் பரவ, செங்காலிபுரம் அனந்தராம தீக்ஷிதர் (1903-1969) ஆற்றிய உபந்நியாசங்கள் பெரிதும் உதவின. விருச்சிகம் 28 குருவாயூரில் நாராயணீய தினமாகக் கொண்டாடப்படுகிறது. பட்டதிரி நூறு நாள் அமர்ந்து பாடிய இடத்தைச் சேவார்த்திகள் இன்றும் திருக்கோயிலுள் கண்டு வணங்குகின்றனர்.