58 ஆண்டுகள் பிந்தி வந்த கிண்ணம்

அண்மைய ஆண்டுகளில், ஓகஸ்ட் மாதக் கடைசியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டேடோனாவில் ஓர் இரவு நேரக் கார்ப் பந்தயம் நடக்கிறது. நாஸ்கார் எனப்படும் பந்தயத் தொடரின் வழமையான பருவத்தில் 26 பந்தயங்கள் உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் அதன் கடைசிப் பந்தயம் இதுதான். இரண்டரை மைல் நீளமான பாதையை 160 தடவை சுற்ற வேண்டும். மொத்தம் 400 மைல். அது முடிந்ததும் 16 ஓட்டுநர்கள் மட்டும் பட்டத்துக்கான அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

எங்கள் சவாரித் திடலில் மாட்டுவண்டி ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பந்தயம் விளங்கக் கஷ்டமில்லை. டேடோனாவின் வளைவுகள் 31 பாகை சரிந்தவை. அதில் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக, முட்டாத குறையாக ஓடும். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருவது அந்த வழியிலேயே வேகம் எடுக்கும். யாராவது ஒருவர் கொஞ்சம் பிசகினால் பத்துப் பதினைந்து கார்கள் ஒன்றாக மோதி நிற்கும். அதனால் பருவம் முழுவதும் பின்னால் நின்ற ஒருவர்கூட அந்த இரவில் வென்றுவிடலாம். இந்தத் தடவையும் பார்ப்பவர்கள் புள்ளிப் பட்டியலின் 16ஆம் இடத்தைச் சுற்றி நிற்பவர்களைத்தான் கவனிப்பார்கள்.

ஆனால் யார் வெல்வார் என்று எழுதுவதற்காக நான் இதைத் தொடங்கவில்லை. 2021 ஓகஸ்ட் 28ஆம் திகதி, இதே டேடோனாவில், பந்தயம் தொடங்குவதற்கு முன்னர் ஒரு குடும்பத்திடம் ஒரு கிண்ணம் கையளிக்கப்பட்டது. அது 1963ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கான கிண்ணம். அந்தப் பந்தயத்தை வென்றவர் 1990இலேயே இறந்துவிட்டார். அவர் பெயர் வென்டெல் ஸ்கொட்.

அப்போது இங்கே கொரோனா ஊரடங்கு. எங்களுக்கு ஞாயிறு காலை. வீட்டில் அடைபட்டுக் கிடந்த நான் அந்தக் காட்சியைத் தொலைபேசியில் பார்த்தேன். ஊடகக் கற்கை படித்த காலத்தில் பயிற்சிக்காக ஒரு விளையாட்டு முன்னோட்டம் எழுதச் சொன்னபோது, வேறு யாரும் எடுக்காத விடயம் என்று கார்ப் பந்தயத்தைத் தெரிவுசெய்திருந்தேன். ஸ்கொட்டின் பெயரை அப்போதுதான் முதன்முதலாக அறிந்தேன். அதன் பிறகு அவரை விட முடியவில்லை.

வென்டெல் ஸ்கொட் 1921 ஓகஸ்ட் 29ஆம் திகதி வேர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரத்தில் பிறந்தார். பருத்தி ஆலைகளும் புகையிலையும்தான் அந்த ஊரின் பிழைப்பு. தகப்பன் வெள்ளையர் வீடுகளுக்குக் கார் ஓட்டியவர், கார் திருத்தத் தெரிந்தவர். மகனுக்கும் ஆலைக்குள் போய் அடைபட விருப்பமில்லை. வாடகைக்கார் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போனார். அந்த இராணுவத்திலும் கறுப்பர்களுக்குத் தனிப் பிரிவுதான். திரும்பி வந்து ஒரு கராஜ் போட்டார்.

கராஜ் வருமானம் போதவில்லை. இரவில் வேறொரு தொழிலும் செய்தார். தெற்கு மாநிலங்களின் மலைக்கிராமங்களில் கள்ளமாகச் சாராயம் காய்ச்சுவார்கள். எங்கள் ஊர்ச் சொல்லில் கசிப்பு. அதைக் காரில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் பிடிக்க முதல் ஓடிவிட வேண்டும். அதற்காகவே இயந்திரத்தைக் கூட்டிக் குறைத்து, வெளியே பார்த்தால் சாதாரணக் கார் போலவும் ஓடினால் காற்றுப் போலவும் செய்து வைத்திருப்பார்கள். அப்படி ஓடியவர்களில் பலர் ஓய்வு நாட்களில் தங்களுக்குள் பந்தயம் வைத்தார்கள். 1948இல் தொடங்கிய நாஸ்காரின் வேர்களில் ஒன்று அதுதான். ஸ்கொட்டும் ஒரு தடவை பிடிபட்டார். சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார்.

1952இல் டான்வில் பந்தயத் திடலை நடத்தியவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்பர் ஒருவரை ஓட விட்டால் பார்க்கக் கூட்டம் வரும். நன்றாக ஓடக்கூடிய கறுப்பர் யார் என்று பொலிசாரிடமே போய்க் கேட்டார்கள். பொலிசார் ஸ்கொட்டைக் காட்டினார்கள். துரத்திப் பிடிக்க முடியாதவரை அவர்களுக்குத் தெரியாதா? இப்படித்தான் அந்த ஆண்டு மே 23ஆம் திகதி, முப்பது வயதில், முதற் பந்தயம் ஓடினார். கூட்டம் கூச்சல் போட்டுக் கேலி செய்தது. அவர் விடவில்லை.

ஆரம்பத்தில் நாஸ்காரின் பந்தயங்களுக்குப் போனபோது நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவர் சிறிய திடல்களில் ஓடி வென்று, 1953இல் ஒருவாறு நாஸ்கார் அனுமதிப்பத்திரம் பெற்றார். 1959இல் வேர்ஜீனியா மாநிலப் பட்டத்தை வென்றார். 1961இல் நாஸ்காரின் உயர் பிரிவுக்குப் போனபோது வயது 39. பல ஓட்டுநர்கள் ஓய்வை யோசிக்கிற வயது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஒழுங்கையிலிருந்த கராஜ் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஆனாலும் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் ஓடின. சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை ஒழுங்கையை மூடும். நான் சின்னப் பிள்ளை. அந்தப் புகை மணம் மட்டும் நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் அப்பா சொல்லக் கேட்டது. உடைந்த மூன்று காரிலிருந்து ஓடுகிற ஒரு காரைச் செய்யக்கூடியவர் அந்தக் கராஜ் மாமா. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஊர் அவர் வாசலில்தான் போய் நிற்கும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அவர் தன் ஆயுதப் பெட்டியை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாராம். ஸ்பனரையும் ஸ்குறூட்ரைவரையும் ஆயுதம் என்று சொல்வது எங்களூர் வழக்கம். அதனால் அந்தப் பெட்டியைச் சோதனைச் சாவடியில் விளங்கப்படுத்த அவர் பட்ட பாட்டை அப்பா பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஸ்கொட்டும் அந்த வகை மனிதர்தான். பெரிய நிறுவனங்களின் அனுசரணை அவருக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் ஓடி விற்ற பழைய கார்களை வாங்கித் தானே திருத்தினார். பாவித்த ரயர்களில் ஓடினார். பிள்ளைகள்தான் உதவியாளர்கள். விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் கறுப்பர்களுக்கு இடமில்லை. அதனால் வாகனத்திலேயே படுத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டு, நூற்றுக்கணக்கான மைல் போய்வந்தார்கள். சில திடல்கள் பல ஆண்டுகள் அவரை உள்ளே விடவில்லை. அதே நேரம், நெட் ஜரெட் போன்ற சில வெள்ளை ஓட்டுநர்கள் சத்தமில்லாமல் உதவியதும் உண்மை. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் பதிய வேண்டும்.

1963ஆம் ஆண்டு டான்வில் கொதித்துக்கொண்டிருந்தது. சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களை ஜூன் 10ஆம் திகதி பொலிசார் குண்டாந்தடியாலும் தண்ணீர்ப் பீச்சியாலும் தாக்கினார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் ஆறு மாதம் கழித்து, டிசெம்பர் 1ஆம் திகதி, புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஓடப் போனார்.

அது அரை மைல் மண் பாதை. 100 மைல் பந்தயம், 200 சுற்றுகள். ஸ்கொட் ஓட்டியது நெட் ஜரெட்டிடம் வாங்கிய பழைய செவ்ரோலெட், இலக்கம் 34. முன்னால் போன ரிச்சர்ட் பெட்டியின் காருக்குக் கோளாறு வர, பந்தயம் முடிய ஏறக்குறைய 25 சுற்றுகள் இருக்கையில் ஸ்கொட் அவரைத் தாண்டினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் 200ஆவது சுற்றை முடித்தபோது கட்டம் போட்ட கொடி அசையவில்லை. அவர் தொடர்ந்து ஓடினார். பின்னர் கொடி அசைந்தது பக் பேக்கர் என்ற வெள்ளை ஓட்டுநருக்கு. கிண்ணமும் மேடையும் படமெடுப்பும் பேக்கருக்கே.

ஸ்கொட் முறைப்பாடு செய்தார். சுற்றுக் கணக்குகளை மறுபடி பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்து, ஸ்கொட் இரண்டு சுற்று முன்னால் நின்று வென்றிருக்கிறார் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பேக்கர் கிண்ணத்தோடு போய்விட்டார். கணக்கெழுதியதில் வந்த தவறு என்பதே காட்டப்பட்ட காரணம். ஸ்கொட்டும் குடும்பமும் அதை நம்பவில்லை. அக்காலத்தில் வென்றவருக்கு மேடையில் அழகு ராணி முத்தம் கொடுப்பது வழக்கம். வெள்ளைப் பெண்ணொருத்தி கறுப்பர் ஒருவருக்கு அப்படிச் செய்வதை அந்தக் கூட்டத்தின் முன் காட்ட அவர்கள் விரும்பவில்லை என்பதே குடும்பத்தின் நம்பிக்கை.

பதிவேட்டில் அந்த வெற்றி ஸ்கொட்டின் பெயரில்தான் இருக்கிறது. உயர் பிரிவில் வென்ற முதற் கறுப்பர் அவர். அதன் பிறகும் ஓடினார். 1966இல் முழுப் பருவத்துக்குமான புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். 1969 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதற் பத்துக்குள். சொந்தக் காசில், சொந்தக் கையால் திருத்திய காரில் ஓடியவருக்கு இது சின்ன விடயமல்ல.

1973 மே மாதம் அலபாமாவின் டாலடேகா பாதையில் ஒரு பெரிய மோதல். இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் சிக்கின. ஸ்கொட்டுக்கு இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முழங்கால்களும் உடைந்தன. கடன்பட்டு வாங்கிய காரும் போனது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு தடவை ஓடிப் பார்த்தார். அத்தோடு அவருடைய ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது. உயர் பிரிவில் மொத்தம் 495 பந்தயங்கள் ஓடி, ஒன்றே ஒன்று வென்றார். அந்த ஒன்றுக்குத்தான் கிண்ணம் கொடுபடவில்லை.

பிறகு டான்வில்லில் கராஜோடு இருந்துவிட்டார். 1977இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி ஒரு படம் வந்தது. நடிகர் ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். முள்ளந்தண்டுப் புற்றுநோயால் 1990 டிசெம்பர் 23ஆம் திகதி இறந்தார்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடவில்லை. 2010இல் ஜாக்சன்வில்லில் உள்ளூர் அமைப்பொன்று கிண்ணத்தின் மாதிரி ஒன்றைக் கொடுத்தது. 2015இல் நாஸ்கார் தன் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. ஆனால் குடும்பம் கேட்டது, பந்தயத்தை நடத்தியவர்களே, பந்தயத் திடலில், பார்வையாளர்களுக்கு முன்னால் அந்தக் கிண்ணத்தைத் தர வேண்டும் என்று. அது நடந்தது 2021இல், அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முதல் நாள்.

ஏதோவொரு பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, இனி என்ன வேண்டும் என்று கேட்கிற அலுவலகங்களை எங்கள் சனத்துக்குத் தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 முதல் தெருவோரத்தில் இருந்த தாய்மாருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு கிண்ணத்தையும் ஓர் உயிரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நான் வைக்கவுமில்லை. ஸ்கொட் குடும்பத்துக்குக் கிடைத்ததிலும் பெரிய குறை இருக்கிறது. யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர் இல்லை. ஆனாலும் அவர்களுடைய கோரிக்கை எனக்கு விளங்கியது. கூட்டத்துக்கு முன்னால் நடந்த அநியாயத்தை, கூட்டம் போன பிறகு அறைக்குள் இருந்து திருத்தினால் போதாது.

கிண்ணம் கொடுபட்டு ஐந்து கிழமை கழித்து, 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி, பப்பா வோலஸ் என்ற இளைஞர் ஒரு பந்தயத்தை வென்றார். உயர் பிரிவில் வென்ற இரண்டாவது கறுப்பர் அவர். முதலாவது வெற்றிக்கும் அதற்கும் இடையில் 58 ஆண்டுகள். வென்ற இடம், ஸ்கொட்டின் எலும்புகள் உடைந்த அதே டாலடேகா.

எங்கள் ஒழுங்கைக் கராஜ் இப்போது இல்லை. அந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. மாமாவின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எத்தனை பேரை அவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்ற கணக்கும் இல்லை. ஊரில் இப்படி எத்தனையோ பேர். கேட்டுப் பதிந்து வைக்க, தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள்.

டேடோனாவில் இந்தத் தடவையும் பந்தயத்துக்கு முன்னர் வழமையான சடங்குகள் நடக்கும். நான் அதையும் சேர்த்துத்தான் பார்க்கப்போகிறேன்.