விதிகளோடு போட்டியிட்ட படகுச் சிற்பி

1876ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி நியூயார்க் கடற்பரப்பில் பாய்மரப் படகுப் போட்டி ஒன்று நடைபெற்றது. அக்காலத்தில் அங்கு புகழ்பெற்றிருந்தவை அகன்ற, ஆழமற்ற, அளவுக்கு மிஞ்சிய பாய் விரித்த படகுகள். காற்றில் அவை கவிழ்ந்துவிடாதிருக்க, திசை மாறும் ஒவ்வொரு முறையும் மாலுமிகள் மணல் மூட்டைகளைத் தூக்கி மறுபக்கம் போடுவார்கள்.

அவற்றின் நடுவே, ஏறத்தாழ 25 அடி நீளமுள்ள இரண்டு ஒல்லியான ஓடங்களை இணைத்துக் கட்டிய விசித்திரப் படகு ஒன்று வந்து நின்றது. அமரில்லிஸ் என்பது அதன் பெயர். இரு ஓடங்களுக்கும் இடையே இருந்த அகலமே அதனைக் கவிழாமல் காத்தது. எனவே மணல் மூட்டைக்கும் வேலை இல்லை, கூடுதல் ஆட்களுக்கும் வேலை இல்லை. காற்று வலுத்தபோது அது மற்றப் படகுகளை எளிதாகக் கடந்து சென்றது. தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அமரில்லிஸ் தகுதியற்றது என முடிவாயிற்று. அத்தகைய படகுகள் பெரும் போட்டிகளிலிருந்து நீண்ட காலத்துக்கு ஒதுக்கி வைக்கப்பட்டன.

அதனை வடிவமைத்த நத்தானியல் ஹெரஷாஃபுக்கு அப்போது வயது 28. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற கடலோர ஊரில் 1848இல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரவியல் பயின்று, கோர்லிஸ் நீராவி இயந்திர நிறுவனத்தில் பணியாற்றி வந்தார். அமரில்லிஸின் இரு ஓடங்களும் அலைக்கேற்பத் தனித்தனியே ஏறி இறங்கும்படி அவற்றின் இணைப்புகளை அவர் அமைத்திருந்தார். இவ்வடிவமைப்புக்கு 1877இல் காப்புரிமையும் பெற்றார்.

இவ்வகைப் படகுகளை ஆங்கிலம் கட்டமரான் என்றே அழைக்கிறது. அச்சொல் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்திலிருந்து சென்றது என்பது தமிழர் அறிந்ததே. ஆனால், மரத்துண்டுகளை நெருக்கிக் கட்டும் நமது மீனவரின் கலத்துக்கும், விலகி நிற்கும் இரட்டை ஓடங்களுக்கும் அமைப்பில் ஒற்றுமை குறைவு. இரட்டை ஓடங்களின் உண்மையான தாயகம் பசிபிக் தீவுகள். பெயர் மட்டும் தமிழரிடமிருந்து போயிற்று.

1878இல் அண்ணன் ஜான் பிரவுனுடன் சேர்ந்து நத்தானியல் பிரிஸ்டலில் படகு கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார். அண்ணன் இளம் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். எனினும் வணிகப் பொறுப்பு அவருடையதாயிற்று. தம்பி மரத்தில் செதுக்கும் சிறு மாதிரியை விரல்களால் தடவியே அவர் எடைபோடுவார். வரைபடத்தை அல்ல, அந்த மாதிரியை அளந்தே படகுகள் கட்டப்பட்டன.

முதற் பத்தாண்டில் நீராவிப் படகுகளே அவர்களது முதன்மைத் தொழில். கடற்படைக்கும் அவர்கள் டார்ப்பிடோ படகுகள் கட்டிக் கொடுத்தார்கள். 1888இல் சே வென் என்ற நீராவிப் படகின் வேகச் சோதனையின்போது கொதிகலன் வெடித்துத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதிகப்படியான நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு அடைப்பானை, வேகம் குறையக் கூடாதென்று நத்தானியல் மூடியிருந்தார். அவரது நீராவிப் பொறியாளர் உரிமம் பறிபோயிற்று. அவருடைய வரலாற்றில் மழுப்ப முடியாத பக்கம் இது.

அதன் பின்னர் அவரது கவனம் பாய்ப் படகுகளுக்குத் திரும்பியது. அக்காலப் போட்டி விதி இரண்டை மட்டுமே அளந்தது: படகு நிமிர்ந்து மிதக்கும்போது நீர்மட்டத்தில் அதன் நீளம், மற்றும் பாயின் பரப்பு. 1891இல் அவர் கட்டிய குளோரியானாவின் அணியம் நீருக்கு மேலே நீண்டு வெளியே துருத்தி நின்றது. நிமிர்ந்திருக்கும்போது அளவுகோலுக்குள் வராத அப்பகுதி, காற்றில் படகு சாய்ந்ததும் நீரைத் தொடும். படகின் நீளம் கூடும், அதனுடன் வேகமும் கூடும். முதற் பருவத்தில் கலந்துகொண்ட எட்டுப் போட்டிகளிலும் குளோரியானா வென்றது.

1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பையை ஆறு முறை காத்தவை அவர் வடிவமைத்த ஐந்து படகுகளே. எடையைக் குறைப்பதில் அவர் எவ்வளவு தூரம் போகத் துணிந்தார் என்பதற்கு 1895ஆம் ஆண்டின் டிஃபெண்டர் சாட்சி. எஃகுச் சட்டங்களின் மீது, நீருக்குக் கீழே வெண்கலத் தகடும் மேலே அலுமினியத் தகடும் பொருத்தப்பட்டன. வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி அரிப்பு உண்டாகும். கோப்பையை வென்ற அப்படகு 1901இல் உடைக்கப்பட்டது.

1903ஆம் ஆண்டின் ரிலையன்ஸ் இதன் உச்சம். நீர்மட்டத்தில் அதன் நீளம் 90 அடிக்கும் சற்றுக் குறைவு. படகின் முழு நீளமோ சுமார் 144 அடி. பாய்ப் பரப்பு 16,000 சதுர அடிக்கும் மேல். சர் தாமஸ் லிப்டனின் மூன்றாம் ஷாம்ராக் அதற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஆனால் அதனால் வேறெந்தப் பயனும் இல்லை. பத்தாண்டுகளில் அதுவும் உடைக்கப்பட்டது.

வியப்பு என்னவெனில், இத்தகைய படகுகளுக்கு முடிவு கட்டும் புதிய விதியை வகுத்தவரும் ஹெரஷாஃபே. ரிலையன்ஸ் கடலில் இறங்கிய காலத்தில் நியூயார்க் யாட் கிளப் ஏற்றுக்கொண்ட அவரது சூத்திரம், படகின் எடையையும் கணக்கில் சேர்த்தது. கனமான, உறுதியான படகுக்கு அது சலுகை அளித்தது. பொதுநலன் கருதிச் செய்தாரா, அல்லது தம்மைப் பின்பற்றியவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று அஞ்சினாரா என்பது விவாதத்துக்குரியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். விதியின் ஓட்டைகளை அவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை.

1914இல், பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவின் முரட்டு அலைகளில் சிறுவர்கள் பாய் விரிக்கப் பழகுவதற்கென 16 அடிப் படகு ஒன்றை அவர் வடிவமைத்தார். வேகத்தைவிடப் பாதுகாப்பே அதில் முதன்மை பெற்றது. அவ்வடிவில் இன்றும் படகுகள் கட்டப்படுகின்றன.

ஹெரஷாஃப் 1938இல், 90ஆவது வயதில், பிரிஸ்டலிலேயே காலமானார். அமெரிக்கக் கோப்பைப் போட்டியில் 1988இல் இரட்டை ஓடப் படகு ஒன்று இறக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த 2013ஆம் ஆண்டுப் போட்டியிலோ, இரு தரப்பும் இரட்டை ஓடப் படகையே பயன்படுத்த வேண்டும் என்பது விதியாயிற்று.