உமறுப் புலவருக்குப் படியளந்த வணிகர்கள்

சீறாப்புராணம் என்ற பெயரைக் கேளாத தமிழ் முஸ்லிம் நம்மில் இருக்கமாட்டார். அதைப் பாடிய உமறுப் புலவரின் பெயரும் அப்படியே. ஆனால் அவர் யார் வீட்டுச் சோற்றைத் தின்று பாடினார், ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் ஆன செலவு யார் பேரேட்டில் ஏறியது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தவன்தான். கடைக்காரன் புத்தி செலவுக் கணக்கில்தானே போகும்! ஆகவே அந்தக் கண்கொண்டே புலவரின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தேன். ஆலிம்களும் புலவர்களும் பிழை பொறுத்தருள்க.

டில்லியில் அவுரங்கசீப் பாதுஷா ஆண்ட காலம் அது. பாண்டி நாட்டிலே எட்டையபுரம் என்னும் சிறு சமஸ்தானம் இருந்தது. 1882-ல் பாரதியார் பிறந்தாரே, அதே ஊர்தான். அவ்வூரில் வாசனைத் திரவியம் விற்றுப் பிழைத்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகனாக உமறு வளர்ந்தார். ஆக, மகாகவியும் நம்மைப்போல் ஒரு கடைவீட்டுப் பிள்ளையே. தகப்பனார் அத்தர் நிறுக்கும் தராசைக் கையில் கொடுத்து உட்காரவைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், அரண்மனை வித்துவானாக இருந்த கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படிக்க விட்டார். அவரோ இந்து, பிள்ளையோ முஸ்லிம். இலக்கணமும் இலக்கியமும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார் அந்தப் பெரியவர்.

வடக்கிலிருந்து வாலைவாருதி என்னும் வித்துவான் வந்து, கடிகைமுத்துப் புலவரை வாதுக்கு அழைத்தார் என்றும், ஆசிரியருக்குப் பதிலாகப் பதினாறு வயது மாணாக்கர் உமறு சபை ஏறி வென்றார் என்றும் ஒரு வரலாறு சொல்வர். அதன்பின் சமஸ்தானப் புலவராக அமர்ந்தார். சன்மானம், சால்வை, சோற்றுக்குக் குறைவில்லாத வாழ்வு. அத்தோடு இருந்திருந்தால் இன்று அவர் பெயரை யார் சொல்வார்?

இங்கேதான் கீழக்கரை வள்ளல் சீதக்காதி வருகிறார். ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவர் பெயர். ஜனங்களின் நாவில் அது சீதக்காதி ஆயிற்று. கப்பல் வியாபாரம் செய்த பெருஞ்செல்வர். ஒல்லாந்தரும் இங்கிலீஷ்காரரும் கடலைப் பங்கு போட்டுக்கொள்ள முண்டிய அந்த நாளிலே, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நட்போடு நின்று தொழில் நடத்தியவர். பஞ்ச காலத்தில் ஜாதி மதம் பாராமல் சோறு போட்டவர். புலவர்கள் எந்த மார்க்கத்தவரானாலும் அவர் வாசலில் இடம் உண்டு. படிக்காசுப் புலவர் அவரைப் பாடியது பிரசித்தம். செத்த பிறகும் கொடுத்தவர் என்று இன்றளவும் பழமொழியில் வாழ்பவர் அவர் ஒருவரே.

கம்பர் ராமகாதை பாடினார். தமிழில் பெருங்காப்பியங்கள் எத்தனையோ உண்டு. நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சொல்ல அப்படி ஒரு காப்பியம் தமிழில் இல்லையே என்ற குறை சீதக்காதி மனத்தில் இருந்தது. உமறுவை அழைத்து, நீர் பாடும், உம் குடும்பக் கவலை என்னுடையது என்று பொறுப்பேற்றார். இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. முடிந்த சரக்குக்கு விலை கொடுக்கவில்லை அவர். இன்னும் ஓர் அடிகூட எழுதாத நூலுக்கு முன்பணம் போட்டார். எத்தனை வருஷம் பிடிக்கும், முடியுமா முடியாதா, யாருக்குத் தெரியும்? நம்மில் எவர் அப்படி முதல் இறக்குவோம்?

பொருள் கிடைத்தது, விஷயம் கிடைக்க வேண்டுமே! அறபுக் கிதாபுகளில் உள்ள ரிவாயத்துகளை அறிய, பெரும் ஆலிம் சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களிடம் போனார். அரண்மனைப் புலவருக்குரிய ஆடை அணிகளோடு வந்து நின்றவரைக் கண்டு அப்பா அவர்கள் முகம் கொடுக்கவில்லை என்பர். மனம் உடைந்த உமறு, நாயகத்தின் மீது 88 பாடல் கொண்ட முதுமொழிமாலையைப் பாடி அழுதார் என்றும், கனவில் நற்செய்தி வந்தது என்றும், பின்னர் அப்பா அவர்கள் மனம் இளகி வழிகாட்டினார்கள் என்றும் பெரியோர் சொல்லி வருவர். உரையைப் பரங்கிப்பேட்டையில் இருந்த ஓர் ஆலிமிடம் கேட்டுப் பாடத் தொடங்கினார்.

நூல் பாதியில் இருக்கையில் சீதக்காதி மவுத்தானார்.

நம் கடைகளில் இது தினசரி நடப்பு. முதலாளி போனதும் மகன் வந்து கணக்கைப் புரட்டி, இந்தச் செலவு எதற்கு என்று முதலில் கோடு போடுவது இத்தகைய இனத்தில்தான். நானே யோக்கியன் அல்லன். சென்ற ஆண்டு மீலாது விழாவில் பிள்ளைகள் சீறா பாடப் போகிறார்கள் என்று ரசீதுப் புத்தகத்தோடு என் கடைக்கு வந்தார்கள். காஹாங்கில் இருப்பதே ஒரு பிடி கடைகள். குளுவாங்குக்கும் மெர்சிங்குக்கும் இடையே போகிறவர்கள் நின்று வாங்கினால்தான் வியாபாரம். பாட்டுக்கு என்ன செலவு, நெய்ச்சோற்றுக்கு வேண்டுமானால் தருகிறேன் என்று கணக்குப் பேசிப் பத்து வெள்ளியை நீட்டினேன். பிள்ளைகள் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்கள். அன்று இரவுதான் உமறுப் புலவரின் சரித்திரத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

சீதக்காதி போனபின் அந்தப் பாரத்தை ஏற்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அவரும் வணிகரே. ஒருவர் தொடங்கிய காரியத்தில் இன்னொருவர் கை போடுவது எளிதல்ல. பெயர் முதல்வருக்கே போய்விடுமோ என்ற எண்ணம் வரும். அபுல் காசிமோ புலவரைத் தம் ஊரில் ஆதரித்துப் பாட வைத்தார். நூல் அவர் ஊரிலேயே அரங்கேறியது என்பர். புலவரும் நன்றி மறக்கவில்லை. சீறாவின் உள்ளே பல இடங்களில் கொடைநாயகராகப் போற்றப்படுபவர் இந்த அபுல் காசிமே. ஊராரின் பழமொழி சீதக்காதிக்கு, புலவரின் பாட்டு அபுல் காசிமுக்கு. கணக்கு நேராயிற்று.

சீறாப்புராணத்தில் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்கள். படலங்கள் 92, பாடல்கள் 5027. அறபு நாட்டு வரலாற்றைத் தமிழ் நாட்டு மலையும் மழையும் ஆறும் வயலுமாக வருணித்துத் தொடங்குகிறார் புலவர். மதரசாவில் எங்கள் உஸ்தாது அதை ராகத்தோடு பாடுகையில், மக்கா எங்கோ பக்கத்து ஊர் என்றே சிறு வயதில் நினைத்திருந்தேன்.

எனக்குப் பிடித்தது மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் கையில் சிக்கிய பெண்மான், என் கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. வேடன் நம்புவானா? நாயகம் அவர்களே பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான். பிணை நிற்பது என்னவென்று வியாபாரிக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒருவனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தவணை நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எவனும் அந்தப் படலத்தைக் கண் கலங்காமல் கேட்கமாட்டான்.

ஆயினும் நூல் முற்றுப்பெறவில்லை. ஹிஜ்ரத்துக்குப் பின் சில ஆண்டுகளின் வரலாற்றைச் சொல்லி, உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. மக்கா வெற்றியும் நாயகத்தின் இறுதி நாட்களும் உமறுவின் வாக்கில் நமக்குக் கிட்டவில்லை. மிச்சத்தைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அது சின்னச்சீறா எனப்படும்.

உமறு எட்டையபுரத்திலே அடங்கினார். ஏட்டுச் சுவடியாக இருந்த சீறாவை, காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842-ல் அச்சிட்டு வெளிக்கொணர்ந்தார்கள். கரையானுக்குப் போகாமல் அது நம் கைக்கு வந்தது இப்படித்தான். எட்டையபுரத்தில் புலவருக்குத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2007-ல் மணிமண்டபமும் திறந்தது.

நமக்குப் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பிழைக்க வந்த கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-ல் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பெரும்பாலும் சிறு தொழில் செய்தவர்கள். பள்ளிக்கு உமறுப் புலவர் பெயரையே வைத்தார்கள். பிற்பாடு அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, பிள்ளைகள் குறைந்தமையால் 1982-ல் மூடப்பட்டது. ஆனாலும் அடுத்த ஆண்டே அரசாங்கம் அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. இன்றும் அங்கே பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள்.

இந்த ஆண்டும் ரசீதுப் புத்தகத்தோடு பிள்ளைகள் என் கடைக்கு வந்தார்கள். உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். எந்தப் படலம் பாடப் போகிறீர்கள் என்று கேட்டேன். மான் படலம் என்றார்கள். பாடச் சொல்லிக் கேட்டேன். இரண்டு இடத்தில் ராகம் தப்பியது. வாங்க வந்த ஒரு சீன அம்மாள் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டுவிட்டுப் போனார்.