ஏழு பாலமும் ஒரு மணி நேரமும்

டிஸ்கிரீட் மேத்ஸில் கிராஃப் தியரி ஆரம்பிக்கிற பக்கம் ஞாபகம் இருக்கா? கோனிக்ஸ்பெர்க் என்று ஒரு ஊர். ஊர் நடுவே ஆறு, ஆற்றில் தீவு, மொத்தம் ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா என்பது கேள்வி. முடியாது என்று 1736 வாக்கில் ஆய்லர் நிரூபித்தார். நாமும் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிட்டு மறந்துட்டோம்.

ஆய்லர் அந்தக் கணக்கைப் போட்டபோது அதே ஊரில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். பெயர் இம்மானுவேல் கான்ட். பின்னாளில் தத்துவ உலகத்தையே புரட்டிப் போட்டவர். பயப்படாதீங்க, அவருடைய தத்துவத்தை நான் விளக்கப் போவதில்லை. எனக்கே பாதி புரியாது. அந்த ஊரில் அவர் தினமும் நடந்த நடையைப் பற்றித்தான் சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க போனை எடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை எத்தனை அடி நடந்தீங்கன்னு பாருங்க. என்னுடையது 1,140. மூணு வேளை மெஸ்ஸுக்குப் போய் வந்தது, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் நாற்காலி, லேப்டாப், பிளேஸ்மென்ட்டுக்கான கோடிங் கணக்குகள். வேலை கிடைச்சாலும் இதே நாற்காலிதான், இன்னும் முப்பது வருஷத்துக்கு. இப்படி உட்கார்ந்தே வாழ்கிற ஒருத்தருக்கு எவ்வளவு உடற்பயிற்சி போதும் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் கான்ட் வந்து மாட்டினார்.

ஒட்டின நெஞ்சு

1724 ஏப்ரல் 22-ல் பிறந்தார். அப்போது அது பிரஷ்யா. இன்றைக்கு அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். அப்பா குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கிற தொழிலாளி. பெரிய வசதி கிடையாது. அம்மா அவரை ஊருக்கு வெளியே கூட்டிப் போய், செடி கொடிகளையும் வானத்தையும் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். கான்ட்டுக்கு முதலில் நடக்கக் கற்றுக் கொடுத்த வாத்தியார் அவர்தான் என்று சொல்லலாம். அந்த அம்மா இறந்தபோது பையனுக்கு வயது 13.

உடம்பு ரொம்பச் சுமார். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கும். ஒல்லி. நெஞ்சு தட்டையாக, குறுகலாக இருந்தது. இதயமும் நுரையீரலும் அசைய அங்கே இடமே பத்தாது என்று அவரே நினைத்தார். அதனால் எப்போதும் ஒரு நெருக்கம், எப்போதும் நோய் வந்துவிடுமோ என்ற பயம். இளவயதில் அந்தப் பயம் வாழ்க்கையே சலித்துப்போகிற அளவுக்குப் போயிருக்கிறது. வயதான பிறகு எழுதிய ஒரு கட்டுரையில் இதை அவரே ஒத்துக்கொள்கிறார். நெஞ்சின் அமைப்பை மாற்ற முடியாது, ஆனால் அதையே நினைத்துக்கொண்டு உட்காராமல் இருக்க முடியும் என்பதுதான் அவர் எடுத்த முடிவு.

16 வயதில் பல்கலைக்கழகம். கையில் காசு இல்லாததால் பில்லியர்ட்ஸ் ஆடிப் பணம் சம்பாதித்த மாணவர் இவர். அப்பா 1746-ல் இறந்த பிறகு பணக்கார வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சில வருஷங்கள் ஓட்டினார். 1755-ல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். சம்பளம் கிடையாது. வகுப்புக்கு வருகிற மாணவர்கள் கொடுக்கிற கட்டணம்தான் வருமானம். அதனால் வாரத்துக்கு இருபது மணி நேரம்கூட வகுப்பு எடுத்தார். நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைத்தது 1770-ல், 45 வயதில்! (ஆஃபர் லெட்டர் இன்னும் வரலையேன்னு கவலைப்படுறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.)

ரெண்டு நிமிஷம் லேட்

கான்ட் என்றாலே எல்லாரும் சொல்வது, அவர் நடக்கப் போவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்ற கதை. கொஞ்சம் மசாலா சேர்ந்த கதைதான். ஆனால் அவர் பிறவியிலேயே அப்படிப்பட்ட ஆள் இல்லை. இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் நன்றாக உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போவது, சீட்டாடுவது, லேட்டாக வீட்டுக்கு வருவது எல்லாம் உண்டு.

மாற்றியது ஒரு நண்பர். ஜோசப் கிரீன் என்கிற ஆங்கிலேய வியாபாரி. ஒரு நாள் ரெண்டு பேரும் மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டியில் வெளியே போவதாகப் பேசிக்கொண்டார்கள். மறுநாள் ஏழே முக்காலுக்கே கிரீன் கையில் கடிகாரத்தோடு அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தொப்பி. ஐந்து நிமிஷம் இருக்கும்போது கைத்தடி. எட்டு மணி அடித்ததும் வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டார். வழியில் ரெண்டு நிமிஷம் தாமதமாக வந்துகொண்டிருந்த கான்ட் கை காட்டியும் வண்டி நிற்கவில்லை. ஏனென்றால் அது பேச்சுக்கு மாறானது! அந்த ஊர் எழுத்தாளர் ஹிப்பெல் 1765-ல் கடிகாரம் பார்த்தே வாழ்கிற மனிதனைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். அதற்கு முன்மாதிரி இந்த கிரீன்தான் என்பார்கள்.

கிரீனோடு பழகிய காலத்தில் கான்ட்டுக்கு நாற்பது வயது. ஒழுங்கு அந்த வயதுக்குப் பிறகுதான் அவரிடம் படிப்படியாக வந்தது. நமக்கு இருபத்தொண்ணுதான் ஆகுது, டைம் இருக்கு.

அவருடைய டைம்டேபிள்

காலை ஐந்து மணிக்கு வேலைக்காரர் லாம்பே வந்து எழுப்புவார். லேசான தேநீர், ஒரு பைப் புகையிலை. ஏழு மணி வரை வகுப்புக்குத் தயாரிப்பு. பிறகு வகுப்பு. அப்புறம் பகல் பன்னிரண்டே முக்கால் வரை எழுத்து. ஒரு மணிக்கு நண்பர்களோடு சாப்பாடு. பிற்காலத்தில் ஒரு நாளைக்கு அந்த ஒரு வேளை சாப்பாடுதான். பேசிப் பேசிச் சாப்பிட்டு முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அப்புறம் நடை, சுமார் ஒரு மணி நேரம். திரும்பி வந்து ராத்திரி பத்து மணி வரை படிப்பு, யோசனை. பிறகு தூக்கம், சரியாக ஏழு மணி நேரம்.

இதில் உட்கார்ந்திருக்கிற நேரத்தைக் கூட்டிப் பாருங்க. எப்படிப் பார்த்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வருது. ஐடி கம்பெனி வேலைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த விதத்திலும் அவர் விளையாட்டு வீரர் இல்லை, நம்மை மாதிரி நாற்காலி ஆள்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நடப்பதற்கும் சில விதிகள் வைத்திருந்தார். பிற்காலத்தில் தனியாகத்தான் நடப்பார். கூட ஆள் இருந்தால் பேச வேண்டி வரும், வாயைத் திறந்தால் குளிர்காற்று நேராக நுரையீரலுக்குப் போகும், மூக்கால் மட்டும் மூச்சு விடுவதே நல்லது என்பது அவர் எண்ணம். நடக்கும்போது ஒரு குறிப்பிட்ட விஷயத்தை மூளையைக் கசக்கி யோசிக்கக் கூடாது, மனசை அது போகிற போக்கில் விட வேண்டும் என்பது இன்னொன்று. வாக்கிங் போகும்போதுகூட இன்டர்வியூ கேள்வி வீடியோ கேட்கிற நம்ம ஆட்கள் இதைக் கவனிக்கணும்.

மெக்கானிக்கல் மக்களுக்காக ஒரு செய்தி. அந்தக் காலத்தில் காலுறை கீழே இறங்காமல் இருக்கக் காலைச் சுற்றி இறுக்கமாகப் பட்டி கட்டுவார்கள். அது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்று கான்ட் பயந்தார். அதனால் அவரே ஒரு கருவி செய்தார். தொடைப் பக்கம் கடிகாரப் பை போல ரெண்டு சின்னப் பை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டப்பா, டப்பாவுக்குள் ஸ்பிரிங். அதிலிருந்து வெளியே வரும் மீள்நாடா காலுறையில் மாட்டும். சரியான ஃபைனல் இயர் புராஜெக்ட்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. படிக்கும்போது கைக்குட்டையை மேசையில் வைக்க மாட்டார், அறையின் மறுபக்கம் தள்ளி இருக்கிற ஒரு நாற்காலியில் வைப்பார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூக்கைத் துடைக்க வேண்டுமென்றால் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட பொறி அது.

இப்போ நம்ம கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்வது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான உடற்பயிற்சி. கூடவே வாரத்தில் ரெண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. மிதமானது என்றால், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகம். 150-ஐ ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 21 நிமிஷம் சொச்சம். அட, இவ்வளவுதானா என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அது எல்லாருக்குமான குறைந்தபட்ச அளவு. நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு? 2016-ல் லான்செட் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, உடற்பயிற்சியும் இல்லாதவர்களுக்குச் சீக்கிரம் இறக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. அதே எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், தினமும் 60 முதல் 75 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி செய்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அதைவிடக் குறைவாகச் செய்தவர்களுக்கும் ஆபத்து ஓரளவு குறைந்தது.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். எந்த ஆய்வும் இல்லாத காலத்தில், ஒட்டின நெஞ்சோடு இருந்த அந்த மனிதர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட அதே அளவு. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது உண்மை.

உடனே கான்ட் எல்லாம் சரியாகச் செய்தார் என்று நினைச்சுக்காதீங்க. வேர்க்கவே கூடாது என்று வெயில் நாளில் நிழல் பார்த்து நின்றுவிடுவார். அந்த வேகத்தை இன்றைய ஆய்வாளர்கள் மிதமானது என்று ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்தான். அவர்கள் உதாரணம் சொன்ன நடை மணிக்கு 5.6 கிலோமீட்டர். நமக்கு அந்த வேகத்தில் கண்டிப்பா வேர்க்கும், வேர்க்கட்டும். புகையிலையும் அவர் விடவில்லை, அதைக் காப்பி அடிக்க வேண்டாம். மேலும், ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சாம்பிள் சைஸ் ஒன்று என்று உங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேடமே திட்டுவாங்க.

57 வயதில் வந்த புத்தகம்

இருந்தாலும் இதை யோசிச்சுப் பாருங்க. 1770-க்குப் பிறகு பத்து வருஷம் கான்ட் பெரிதாக எதையும் வெளியிடவில்லை. ஆள் அவ்வளவுதான் என்று ஊர் நினைத்திருக்கும். உலகம் இன்றும் படிக்கிற அவருடைய தூய அறிவின் விமர்சனம் 1781-ல் வந்தது. அப்போது அவருக்கு 57 வயது. அடுத்த ரெண்டு பெரிய நூல்கள் 1788-லும் 1790-லும் வந்தன. ஐம்பது வயதில் அந்த உடம்பு படுத்திருந்தால் இந்த மூன்றில் எதுவுமே இல்லை. கோனிக்ஸ்பெர்க்கில் நன்றாகப் பாடம் நடத்திய ஒரு வாத்தியார் என்ற அளவோடு முடிந்திருப்பார். உடம்பைக் காப்பாற்றுவது கண்ணாடியில் நன்றாகத் தெரிவதற்காக மட்டும் இல்லை என்று எனக்கு உறைச்சது இந்த இடத்தில்தான். நம்மகிட்ட இருக்கிற நல்ல வேலை எந்த வயசுல வெளியே வரும்னு நமக்குத் தெரியாது. அது வரைக்கும் உடம்பு இருக்கணும்.

1796-ல் வகுப்பு எடுப்பதை நிறுத்தினார். கடைசி வருஷங்களில் நினைவு மங்கியது, கால் வலுவிழந்தது. நடை அதையெல்லாம் தடுத்துவிடவில்லை. விழாமல் இருக்கக் காலை நேராக ஊன்றி அழுத்தி அழுத்தி நடந்து பார்த்தார். அப்படியும் ஒரு நாள் தெருவில் விழுந்துவிட்டார். எழ முடியவில்லை. முன்பின் தெரியாத ரெண்டு பெண்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். கையில் ஒரு ரோஜா இருந்தது. அதை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்து நன்றி சொன்னார். அதற்குப் பிறகு நடை கொஞ்ச நாளில் நின்றுபோனது. 1804 பிப்ரவரி 12-ல், எண்பது வயது ஆக ரெண்டு மாசம் இருக்கும்போது, இறந்தார்.

நான் இப்போது லேப்டாப் சார்ஜரையும் தண்ணி பாட்டிலையும் அறையின் மறுகோடியில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் கிரவுண்டைச் சுற்றி அரை மணி, சாப்பிட்ட பிறகு இன்னொரு அரை மணி. எல்லா நாளும் முடியறதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என்ன ஆச்சுன்னுதான் மேலே பார்த்தீங்களே. ஆனா இந்த வாரம் நாலு நாள் ஆச்சு.

சரி, இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்துதானே இருந்தீங்க? எழுந்திருங்க. கைக்குட்டையைத் தூரமா வெச்சுட்டு, ரூம்மேட்டையும் கூப்பிட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பேசிக்கிட்டே நடக்கலாம், அந்த ஒரு விதியில மட்டும் கான்ட் நம்மை மன்னிச்சுடுவார்.