பிப்ரவரி 1: ஓமந்தூரார் பிறந்த நாள்

நாட்காட்டியில் தேதி கிழிக்கும்போது அன்று யார் பிறந்த நாள் என்று பார்ப்பது என் பழக்கம். பிப்ரவரி 1 நம் பக்கத்து ஊர்க்காரருடையது.

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு உங்களில் சிலர் போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார்.

1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாண முதல்வரானார். நாடு விடுதலை பெற்றபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இவரே. பதவி நீடித்தது இரண்டு ஆண்டும் சில நாட்களும்தான். அதற்குள் மூன்று பெரிய சட்டங்கள் வந்தன: கோயில் நுழைவு, தேவதாசி முறைத் தடுப்பு, ஜமீன் ஒழிப்பு. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு வளர, 1949 ஏப்ரலில் விலகினார். பிறகு வள்ளலார் வழியில் வடலூரில் தொண்டு செய்தார். 1970 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆறு மாதம், மணி பத்தானால் எனக்குக் கை பரபரக்கும். ஓர் எழுத்தர் நாற்காலிக்கே அப்படி! அவர் மாகாணத்தையே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

ஓமந்தூரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்களேன்.